சும்மா கிடக்கிற காணி

1

எங்கள் வீட்டு வாசலில், சப்பாத்துகளைக் கழற்றி வைக்கும் இடத்துக்கு நேர் மேலே, கண்ணாடி போட்ட ஒரு படம் தொங்குகிறது. விடிகாலை மூட்டம், அதற்குக் கீழே பரந்த தண்ணீர். தண்ணீர் முழுக்கத் தாரா வாத்துகளும் நீளமூக்குக் குருவிகளும் நிற்கின்றன. தூரத்தில் பூநாரைகள் ஒரு வரிசையாக நிற்கின்றன. வலது மூலையில் ஓலைக் கொட்டில் ஒன்றின் பாதியும், அதில் சாத்திவைத்த சைக்கிளின் பின் சில்லும் தெரியும். பனிக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றக் குனிந்து நிமிரும்போது அந்தப் படத்தில்தான் முட்டுவார்கள். உடனே "இது எந்த ஏரி?" என்று கேட்பார்கள்.

அது ஏரி இல்லை. மன்னாரில் சிலாவத்துறைக்கு உள்ளே, எங்கள் ஊரில் கிடக்கும் நாலு ஏக்கர் நெல் வயல். சைக்கிள் என் மூத்த சகோதரர், நானாவுடையது. படத்தை எடுத்தவள் எங்கள் ஒரே மகள் ஸஹ்ரா. எடுத்து இந்த வாரத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. அது வருடாவருடம் விதைத்த வயல் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஸஹ்ராவுக்கும் சொல்லவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே முழங்காலளவுக்குப் பனி கொட்டியிருக்கிறது. வேறொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஸஹ்ரா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "வாப்பா, ஞாயிறு பத்து மணிக்குப் பெரிய வாப்பாவுக்கு கோல் எடுப்பம். அவருக்கு ஒரு குட் நியூஸ் சொல்லவேணும்" என்றாள். என்ன செய்தி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு ஊரில் இருட்டிவிடும். நானா இஷா தொழுதுவிட்டு வந்து, கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இப்போது மணி எட்டு. ஸஹ்ரா மேலே நித்திரை. அவள் இறங்கி வருவதற்கு முன், அல்லது வந்த பிறகாவது, நான் அவளிடம் ஒரு விசயம் சொல்லவேண்டும். அதைச் சொல்லத் துணிவில்லாதபடியால் குசினி மேசையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவது எப்போதும் எனக்கு லேசு. முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதுதான் கஷ்டம்.

2

இங்கே நான் நகரசபைக்குப் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறேன். லொறியின் முன்னால் கலப்பை மாதிரி அகலமான இரும்புத் தகடு ஒன்று இருக்கும். அதை இறக்கிவிட்டு ஓட்டினால் பனி ஒரு பக்கமாகப் புரண்டு விழும். நான் முதன்முதல் அந்த வேலைக்குப் போன வருடம் நானாவுக்குப் படம் அனுப்பினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடே தம்பி, இஞ்ச இருக்கேக்க வயலுக்கு வாடா எண்டா வயித்துவலி எண்டு சொல்லுவாய். அங்க போய் விதைக்கவும் ஏலாத நிலத்த உழுறியா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. வயலில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை குருவி விரட்டுவது. மாரி தொடங்கி மழைத் தண்ணீர் தேங்கியதும் எங்கிருந்தோ தாராக்கள் வந்து இறங்கும். அவை விதைத்த நெல்லைத் தோண்டித் தின்னும், முளைத்த பயிரை மிதித்துச் சேறாக்கும். கம்புகளை நட்டு, அறுந்துபோன கெசட்டின் நாடாவை இழுத்துக் கட்டுவோம். காற்றுக்கு அது 'விர்' என்று இரையும். அதற்கும் பயப்படாத குருவிகளுக்கு நான் இருந்தேன். பால்மா டின்னைத் தட்டிக்கொண்டு வரம்பில் ஓடி "ஹோய், ஹோய்" என்று கத்துவேன். பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் அதுதான் வேலை. அந்தக் குருவிகள் அழகானவை என்று அந்த நாளில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அவை கள்ளர்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களான எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பதின்மூன்று வயது. புத்தளத்தில் முகாமில் இருந்தோம். வாப்பா அங்கேயே மவுத்தானார். நான் கொழும்புக்குப் போய், அங்கிருந்து எப்படியெப்படியோ இங்கே வந்து சேர்ந்தேன். நானா மட்டும் சண்டை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார். அவரும் மதினியும் போன நேரம் வயல் எது, காடு எது என்று தெரியவில்லை. குளக்கட்டின் கோணத்தை வைத்து, கைக்கத்தியோடு உள்ளே புகுந்து, வாப்பாவின் வரம்புகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். மேட்டுக்காணி இரண்டு ஏக்கருக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது. பள்ளத்தில் இருந்த நாலு ஏக்கருக்கு மட்டும் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. பல வருடமாக அதே பதில்தான். ஆனால் வெள்ளாமைக்கு உகந்தது பள்ளம்தான். மழை பொய்த்தாலும் அதில் ஈரம் நிற்கும். அதனால் நானா ஒரு மாரியும் தவறாமல் அதை விதைத்துக்கொண்டு வந்தார். "விதைச்சுக்கொண்டு இருக்கும் வரைக்கும் அது எங்கட காணி" என்பார்.

3

குருவியை நின்று பார்க்க நான் கற்றுக்கொண்டது இந்த நாட்டில். ஸஹ்ராவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நகரத்துக்கு வெளியே ஒரு குடும்பம் மாசி மாதத்தில் தங்கள் பண்ணையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். சோளக்காடு முழுவதும் வெள்ளையாக இருந்தது. மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து என் கை நீளத்துக்கு ஐஸ் தொங்கியது. முயல் ஓடிய தடம், நரி அதன் பின்னால் போன தடம் என்று பண்ணைக்காரி ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு ஸஹ்ராவின் உள்ளங்கையில் சூரியகாந்தி விதை நாலைந்தைப் போட்டு, அசையாமல் நிற்கச் சொன்னாள்.

கறுப்புத் தொப்பி போட்டது போன்ற ஒரு சின்னக் குருவி பறந்து வந்து என் பிள்ளையின் விரலில் இருந்தது. ஸஹ்ரா மூச்சே விடவில்லை. என் வாயில் "ஹோய்" வந்து நின்றது. அதை விழுங்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு அவளைப் பிடித்தது குருவிப் பைத்தியம். பைனாகுலர் வாங்கினோம், புத்தகங்கள் வாங்கினோம். அந்தப் பண்ணைக்காரர்களைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பொறாமை வரும். கோடையில் உழுகிறார்கள். குளிர்காலத்தில் நிலத்தைத் தூங்கவிட்டுவிட்டு, அதன் அழகைப் பார்க்க ஊரைக் கூப்பிடுகிறார்கள். ஏன் உழவில்லை என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. உழாமல் விட்டாலும் அது அவர்களுடைய நிலம்தான்.

ஸஹ்ரா வளர வளர என்னை விட்டுத் தூரமாகப் போனாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நானாவுடன் பேச வா என்று கைபேசியைக் கொடுத்தால், ஸலாம் சொல்லி, "நல்லா இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, சூடான சட்டியைத் தொட்டவள் மாதிரி என்னிடம் திருப்பித் தந்துவிடுவாள். பதினேழு வயதில் ஊருக்குப் போவோமா என்று கேட்டேன்.

"அங்க வந்து நான் என்ன செய்யிறது வாப்பா?"

எனக்கு உடனே வாயில் வந்தது குருவிதான். மாரியில் எங்கள் வயலில் இறங்கும் தாராக்களைப் பற்றிச் சொன்னேன். நூறு ஆயிரமானது. சைபீரியாவிலிருந்து வருகின்றன என்றேன். அவள் தலையை உயர்த்திப் பார்த்தாள். மாதக்கணக்கில் அப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை. "ரியலி? எங்கட காணியிலயா?"

எங்கட காணி என்று அவள் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் அன்றைக்கே நானாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"நானா, மார்கழியில வாறம். பிள்ளை குருவி பார்க்கோணும் எண்டுறாள். பள்ளத்தில குருவி வருமா?"

"வரும். ஆனா விதைச்சா நான் விரட்டத்தானே வேணும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒரு கேள்விதான் என்று தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

நானாவே சொன்னார். "சரி விடு. ஒரு போகம்தானே. பள்ளத்த இந்த முறை விதைக்காம விட்டிடுறன். பிள்ளை முதல்முதலா எங்கட வயலுக்கு வருது, டின் தட்டுற சத்தத்தயா கேட்கிறது?"

ஒவ்வொரு மாரிக்கு முன்னும் குளத்தை நம்பி விதைக்கிற எல்லாரும் கூடி, யார் எந்தக் காணியில் எவ்வளவு விதைக்கப் போகிறார்கள் என்று எழுதுவிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. நானா அந்த முறை, "மேடு ரெண்டு ஏக்கர். பள்ளம் விதைப்பில்லை" என்று எழுதுவித்தார். பக்கத்துக் காணிக்காரர்கள் ஏன் என்று கேட்டதற்கு, "வெளிநாட்டில இருந்து விருந்தாளி வருது" என்று சிரித்தாராம். மழை தொடங்கியதும் மண்வெட்டியோடு போய், வரம்பில் தண்ணீர் வடியும் வக்கடையை மண் வைத்து அடைத்தார். தண்ணீர் நின்றது. குருவிகள் வந்தன.

4

அந்தப் பதினாறு நாளும் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். இதை எழுதாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

விடிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு வயலுக்குப் போவோம். நானா சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போவார். சைக்கிளில் மதினி கட்டித் தந்த ரொட்டியும் மாசிச் சம்பலும் தேத்தண்ணிப் போத்தலும் தொங்கும். மதினி எருக்கலம்பிட்டிக்காரி, ஆளுக்கு நாலு ரொட்டி இல்லாமல் ஒருவரையும் வீட்டுக்கு வெளியே விடமாட்டார். வரம்புப் புல்லில் சிலந்தி வலைகள் பனித்துளியால் நிறைந்து கிடக்கும். மூட்டத்துக்குள் இருந்து முதலில் சத்தம் மட்டும் வரும். பிறகு வெளிச்சம் ஏற ஏற, தண்ணீர் முழுக்கக் குருவிகள் தெரியும். வெயில் பட்டதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அந்தச் சிறகுச் சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கும். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, டின் இல்லாமல், கத்தாமல், நான் முதன்முறையாக அதைப் பார்த்தேன்.

ஸஹ்ரா அழுதாள். சந்தோசத்தில்தான். நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைபேசியில் ஸலாத்தோடு ஓடிப்போகிறவள், நானாவிடம் ஒவ்வொரு குருவிக்கும் ஊரில் என்ன பெயர் என்று கேட்டுக் கொப்பியில் எழுதினாள். நானாவுக்குப் பாதிக்குப் பெயர் தெரியாது. கள்ளனுக்கு யார் பெயர் கேட்டார்கள்? ஆனாலும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

பத்தாம் நாளோ என்னவோ, அவள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திடீரென்று கேட்டாள். "பெரிய வாப்பா, மற்ற எல்லா இடமும் பச்சையா இருக்கு. இதில மட்டும் ஏன் பயிர் இல்ல? நாங்கள் வாறதுக்காக விட்டனீங்களா?"

நானா என்னைப் பார்த்தார். பிறகு அவளுடைய தலையில் கையை வைத்தார்.

"சீச்சீ. அப்பிடி ஒண்டும் இல்ல மகள். இது சும்மா கிடக்கிற காணி."

எங்கள் ஆட்கள் விருந்தாளிக்கு இப்படித்தான் சொல்வார்கள். இருந்த ஒரே கோழியை அறுத்துப்போட்டுவிட்டு, அது நோய்க்கோழி என்பார்கள். கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தால், முதுகுக்கு நிலம்தான் நல்லது என்பார்கள். வந்தவருக்கு ஒரு பாரமும் தெரியக்கூடாது. இதைக் கேட்டால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள், ஆனால் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். ஸஹ்ரா நம்பினாள். அவளுக்கு ஊர் தெரியாது.

அரைமணி நேரம் போயிருக்காது. குளக்கட்டுப் பக்கமாக ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவரிடம் முக்காலியில் பூட்டிய தொலைநோக்கி இருந்தது. இன்னொருவரிடம் கோப்பு. குருவி எண்ண வந்தவர்கள் என்றார்கள். நல்ல மரியாதையான பிள்ளைகள். நானா விடவில்லை, கொட்டிலுக்குக் கூப்பிட்டு ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தார். ஸஹ்ரா தன் கொப்பியைக் காட்டினாள், தான் எடுத்த படங்களைக் காட்டினாள். அனுப்பமுடியுமா என்று கேட்டார்கள். அந்த இடத்திலேயே அனுப்பினாள். அவளுடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் பெருமை.

கோப்பு வைத்திருந்தவர் சிங்கள வாடையடிக்கும் தமிழில் நானாவிடம் கேட்டார். "ஐயா, இந்தக் காணி நீங்க விதைக்கிறது இல்லையா?"

நானா கோப்பையைக் கீழே வைத்தார். ஸஹ்ரா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரைமணி நேரத்துக்கு முன் அவளுக்குச் சொன்ன பதில் அவருடைய வாயில் இன்னும் ஈரமாக இருந்திருக்கும்.

"இல்ல தம்பி. இது சும்மா கிடக்கிற காணி."

"கனகாலமாவா?"

"ஓம். கனகாலமா."

அவர் எழுதினார். நானா ஒரு கையெழுத்தும் போட்டார், குருவிக் கணக்குக்கு என்று நினைத்துக்கொண்டு. நானும் பக்கத்தில்தான் நின்றேன். கையில் தேத்தண்ணி. 'அப்படி இல்லை, இந்த ஒரு போகம்தான் விட்டது' என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். மகளின் முகம் வாடும் என்று நினைத்தேன். குருவிதானே எண்ணுகிறார்கள் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை.

5

அடுத்த வைகாசியில் ஊர்ப் பலகையில் அறிவித்தல் ஒட்டினார்கள். உப்புத் தண்ணீர்க் களப்போரம் தொடங்கி எங்கள் பள்ளம் வரைக்கும் பறவைகளுக்காக ஒதுக்க உத்தேசம் என்று மூன்று மொழியிலும் இருந்தது. முடிவு வரும் வரைக்கும் ஒருவரும் அங்கே விதைக்கக்கூடாது என்றும் இருந்தது. நானா அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். இந்தக் கந்தோர் இல்லை, அது என்றார்கள். அங்கே போனால் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். கடிதத்துக்கு வாப்பாவின் பழைய பத்திரம் வேண்டும். அது தொண்ணூறில் அலுமாரியோடு போனது. வெளிநாட்டிலுள்ள வாரிசும் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும் என்றார்கள். கொடுத்தேன். என் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் இருக்கிறது என்று திரும்பி வந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு சத்தியக் கடதாசி கொடுத்தேன். அது போய்ச் சேர்ந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

கடைசியில் ஒரு இளம் உத்தியோகத்தர் இரக்கப்பட்டு, கோப்பைத் திறந்து நானாவுக்கே காட்டியிருக்கிறார். விதைப்புக் கூட்டத்துப் பதிவில் 'பள்ளம் விதைப்பில்லை'. குருவி எண்ணியவர்களின் தாளில் 'கனகாலமாகச் சும்மா கிடக்கும் காணி', அடியில் நானாவின் கையெழுத்து. அதற்கு அடுத்த தாளில் அந்தப் படம்.

"இது உங்கட கொட்டில்தானே?" என்று உத்தியோகத்தர் கேட்டாராம்.

"ஓம். சைக்கிளும் என்டதான். படம் எடுத்தது எங்கட மகள்" என்றாராம் நானா.

இதை நானா எனக்குச் சொல்லவில்லை. மதினிதான் கைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ச் சொன்னார். "அந்தப் படத்தப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்திட்டாம் தம்பி. பிள்ளை எவ்வளவு வடிவா எடுத்திருக்கு எண்டு அந்தத் தம்பிக்கே காட்டினாராம். வீட்ட வந்துதான் படுத்தவர், ரெண்டு நாள் எழும்பேல்ல."

ஒரு வழி இருக்கிறது என்று அந்த உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார். தாங்கள் வருவதற்காகத்தான் அந்த ஒரு போகம் வயலை விதைக்காமல் விட்டார்கள் என்று படம் எடுத்த பிள்ளையே எழுதி ஒப்பமிட்டு அனுப்பினால், மறுவிசாரணைக்கு எடுக்கலாம். நிச்சயமில்லை, ஆனால் எடுக்கலாம். இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும்.

நான் நானாவிடம் கேட்டேன். அவருக்கு வந்த கோபத்தை நான் முன்னொருபோதும் பார்த்ததில்லை.

"பிள்ளைய இதுக்குள்ள இழுக்காத. அது சின்னப் பிள்ளை. தன்னாலதான் எங்கட காணி போனது எண்டு அதுக்குத் தெரியோணுமா? பிறகு அது இஞ்ச வருமா? என்னோட கதைக்குமா? நாலு ஏக்கர் போனா போகட்டும். மேடு இருக்கு, சாப்பிடுறதுக்குக் காணும்."

மேடு காணாது. மழை பொய்த்தால் மேட்டில் ஒன்றும் வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஸஹ்ரா இதற்கிடையில் மாறிவிட்டாள். சுற்றாடல் படிக்கப் போனாள். நேர்முகத்தில் எங்கள் காணியைப் பற்றித்தான் பேசினாளாம். வாரம் ஒரு தடவை தானாகவே நானாவுக்கு அழைப்பு எடுக்கிறாள். தட்டுத்தடுமாறி, ஆங்கிலம் கலந்து, ஆனால் தமிழில் பேசுகிறாள். நான் பதினேழு வருடம் முயன்று முடியாததை அந்த வயல் பதினாறு நாளில் செய்தது. இப்போது அதே வயலைக் காப்பாற்ற அவளிடம் போய், நீ பார்த்தது சும்மா கிடந்த காணி இல்லை, பெரிய வாப்பா உனக்குப் பொய் சொன்னார், உன் படம்தான் அத்தாட்சி என்று சொல்லவேண்டும்.

மணி ஒன்பதரை. படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. சொல்லப்போகிறேன்.

6

சொல்லவில்லை. அவள் கோப்பி ஊற்றினாள், எனக்கும் ஊற்றினாள். என் கண்ணைப் பார்த்து "நித்திரை கொள்ளேல்லயா வாப்பா?" என்றாள். "ஸஹ்ரா, அந்தக் காணி..." என்று தொடங்கினேன். "ஓம் வாப்பா, அதைப் பற்றித்தான். நீங்களும் பெரிய வாப்பாவும் ஒண்டா கேட்கோணும்" என்று கைபேசியை மேசையில் வைத்து அழைத்துவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், பெரிய வாப்பா!"

"வ அலைக்கும் ஸலாம். ஆர், என்ட மகளா? அங்க குளிரா?"

"சரியான ஸ்னோ. பெரிய வாப்பா, வாற டிசம்பர் நான் வாறன். என்னோட படிக்கிற மூண்டு பேரும் வருவினம். உங்கட இடத்தைப் பார்க்க."

"வாங்கோ, வாங்கோ. எல்லாரும் வாங்கோ. பெரியும்மா இப்பவே வட்டிலப்பத்துக்கு முட்டை சேர்க்கத் தொடங்கியிடுவா."

பின்னால் மதினி ஏதோ சொல்லும் குரல் கேட்டது. ஸஹ்ரா சிரித்தாள். பிறகு கதிரையின் நுனிக்கு வந்து குனிந்து, இரகசியம் சொல்வது போல் சொன்னாள்.

"பெரிய வாப்பா, நான் நெட்டில பார்த்தன். அந்த இடத்தைப் பேர்ட்ஸுக்காகப் பாதுகாக்கப் போறாங்களாம். உண்மையா?"

நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"நானா..."

"நீ கொஞ்சம் பொறு தம்பி. நான் பிள்ளையோட கதைக்கிறன்." அவருடைய குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. பிறகு, "ஓம் மகள். உண்மைதான்" என்றார்.

"அப்ப இனி அதை ஒருத்தரும் உழமாட்டாங்கள்தானே? குருவியள விரட்டமாட்டாங்கள்தானே?"

"இல்ல மகள். இனி ஒருத்தரும் உழமாட்டாங்கள். நீ பயப்பிடாம வா."

ஸஹ்ரா கையைத் தட்டிக்கொண்டு எழும்பிவிட்டாள். எத்தனை குருவி வந்திருக்கிறது என்று கேட்டாள். நானா வரம்பில் நின்று பார்த்ததைச் சொன்னார். இந்த முறை தாரா கூட, பூநாரை வயலுக்குள்ளேயே வருகிறது என்றார். வக்கடையைத் தான் திறக்கவே இல்லை என்றார். வக்கடை என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை. எழும்பிப்போய் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டேன். நிமிர்ந்தபோது படம் முகத்துக்கு நேரே இருந்தது. ஸஹ்ரா பின்னால் வந்து என் தோளில் நாடியை ஊன்றிக்கொண்டு அவளும் அதைப் பார்த்தாள்.

"பெரிய வாப்பாக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு பார்த்தீங்களா?" என்றாள்.

"ஓம் மகள்" என்றேன். கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கினேன்.